பிடி அரிசியில் எழும்பிய பள்ளிக்கூடம்

கோட்டயம் போகிறவர்கள் பெரும்பாலும் குமரகம் படகு, வேம்பநாட்டுக் காயல் என்று சுற்றிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். "பத்து கிலோமீட்டரில் மான்னானம் இருக்கிறது, ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்களேன்" என்று தங்கியிருந்த வீட்டு அம்மாள் சொன்னாள். என்னவருக்கு அவ்வளவு இஷ்டமில்லை. "மாதாகோயில், பள்ளிக்கூடம்... நம் ஊரில் இல்லாததா?" என்றார்.

மான்னானம் ஒரு சிறு குன்று. அதன் மேல் 1831-ல் அஸ்திவாரக் கல் நட்ட புனித சூசையப்பர் ஆசிரமம். சுற்றிலும் கல்லூரி, மேல்நிலைப் பள்ளி என்று பரந்து கிடக்கிறது. நாங்கள் போன நேரம் மணியடித்து, யூனிபாரம் போட்ட பிள்ளைகள் புத்தக மூட்டையோடு திமுதிமுவென்று ஓடினார்கள். கோயிலுக்குள் சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சனின் கல்லறை. (பாதிரியாரை அங்கே 'அச்சன்' என்கிறார்கள்.) 1805-ல் குட்டநாட்டுக் கைநகரியில் பிறந்தவர், 1871-ல் மறைந்தார். 2014 நவம்பர் 23-ல் ரோமில் புனிதர் பட்டம் கிடைத்தது. ஆனால் அவர் இங்கே செய்த வேலை நம் சமையலறை வரை வந்து தொடுகிற சங்கதி. கேளுங்கள்.

1846-ல் இந்தக் குன்றில் அவர் ஒரு சமஸ்கிருதப் பள்ளி தொடங்கினார். சொல்லிக் கொடுக்கத் திருச்சூரிலிருந்து ஒரு வாரியரை வரவழைத்தார். எந்த ஜாதிப் பிள்ளையும் வந்து உட்காரலாம். பக்கத்து ஆர்ப்பூக்கரையில் புலையர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறையே 1855-ல்தான் சட்டப்படி ஒழிந்தது என்றால், அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

பிறகு 1864. சிரியன் கத்தோலிக்கர்களுக்கு விகாரி ஜெனரலாக இருந்த அச்சன், ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் வைத்தே ஆகவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். வைக்காத கோயிலில் வழிபாட்டுக்கே தடை வரும் என்று கண்டிப்பு வேறு! மலையாளத்தில் 'பள்ளி' என்றால் மாதாகோயில். அதனால்தான் 'பள்ளிக்கூடம்' என்ற பெயரே வந்தது என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். சமண முனிவர்கள் தங்கிய இடத்தையும் நம் தமிழில் பள்ளி என்றுதான் சொன்னோம்; சொல் ரொம்பப் பழசு. நான் வாய் திறக்கவில்லை, விருந்தாளியாயிற்றே!

உத்தரவு போட்டால் கட்டடம் வரும். பிள்ளை வரவேண்டுமே? வயலில் குருவி ஓட்டவும், தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வீட்டில் பிள்ளை வேண்டும். வந்தாலும் காலிவயிறு. ஆகவே ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட வழி தேடினார்கள். அதற்கு அரிசி?

கோயில் முற்றத்தில் சட்டையும் முண்டும் உடுத்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாள்தான் இதை எனக்கு விளக்கினாள். "பிடியரி" என்று பெயராம். அடுப்பங்கரையில் ஒரு தனிப் பானை. தினம் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து அதில் போடவேண்டும். வாரத்துக்கொரு முறை அதைக் கோயிலில் சேர்ப்பார்கள்.

"மிச்ச அரிசியைப் போட்டால் போதாதா அம்மச்சி?" என்று கேட்டேன்.

"அது பாடில்ல மோளே! அளந்து வச்ச அரிசியிலேர்ந்துதான் எடுக்கணும்" என்று தன் கையை மடக்கிக் காட்டினாள்.

அதாவது, அந்த ஒரு பிடி அன்றைக்கு அந்த வீட்டில் குறையும். கடைசியில் சாப்பிட உட்காருகிறவள் யார்? நமக்குத் தெரியாதா என்ன! யாருடைய தட்டில் அது குறைந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கமும் காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் சொன்னார். காமராஜர் 1956-ல் மதிய உணவு கொண்டு வந்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை.

எனக்கு ஒரு குறை மனசை உறுத்தியது. தினம் அரிசி எடுத்து வைத்த அந்த அம்மாக்களில் எத்தனை பேருக்குத் தன் பெயரை எழுதத் தெரிந்திருக்கும்? அதற்கும் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அது மான்னானத்தில் இல்லை. எர்ணாகுளம் பக்கம் கூனம்மாவில். எலீஸ்வா என்று ஒரு பெண்மணி. இருபது வயதில் கணவனை இழந்தவர். மறுமணம் வேண்டாமென்று இருந்து, மகள் அன்னாவையும் தங்கை திரேசியாவையும் சேர்த்துக்கொண்டு, 1866 பிப்ரவரி 13-ல் அங்கே கன்னியர் மடம் தொடங்கினார். சாவறா அச்சனும், இத்தாலியரான லியோபோல்ட் பாதிரியாரும் துணை நின்றார்கள். மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடில்தான் மடம்! 1868-ல் அங்கேயே பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி வைத்து, எழுத்தும் தையலும் கைவேலையும் கற்றுக் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் எலீஸ்வாவுக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது.

அதே 1868-ல் அச்சன் தன் சொந்த ஊர்க்காரர்களுக்கு 'ஒரு நல்ல அப்பன்டெ சாவருள்' என்று ஒரு நீண்ட கடிதம் எழுதினார். குடும்பம் நடத்துவது எப்படி என்ற புத்திமதி. விவரம் தெரிய ஆரம்பித்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, என்ன படித்தான், யாரோடு சேருகிறான் என்று விசாரி, ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துக் கேள் என்கிறார். டியூஷனில் கொண்டு விட்டால் கடமை தீர்ந்தது என்றிருக்கும் என் போன்றவர்களுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் வழி சுலபமாகி விடவில்லை. 1997-ல் ஜனாதிபதியான கே.ஆர்.நாராயணன் இந்த மாவட்டத்துக்காரர். ஏழை வைத்தியர் மகன். உழவூர் லூர்து மாதா பள்ளியிலும், பிறகு குறவிலங்காடு செயின்ட் மேரீஸ் பள்ளியிலும் படித்தார். இரண்டும் கோயிலை ஒட்டி வளர்ந்தவை. பள்ளிக்கூடம் போய்வர நாளும் பதினைந்து கிலோமீட்டர் வயல்வெளியில் நடை. பீஸ் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட காலமும் அவருக்கு உண்டு. புத்தகம் வாங்கக் காசில்லாததால் அண்ணன் கடன் வாங்கிக் கையால் எழுதித் தருவாராம்.

ஊர் திரும்பிய மறுநாள், சமைக்கும்போது என் ஒரு பிடியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 45 கிராம். மாதத்துக்கு 1,350 கிராம். நூறு வீடு என்றால் 135 கிலோ. பிள்ளைக்கு வேளைக்கு நூறு கிராம் என்று போட்டால், மாதம் 25 நாள் 54 பிள்ளைகள் சாப்பிடலாம். என்னவர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, "அந்தப் பாட்டி கை இன்னும் பெரிசு" என்றார். வாஸ்தவம்தான். அவள் ஊரில் அறுபது பேராவது சாப்பிட்டிருப்பார்கள்.