விற்ற தட்டுகளும் விரும்பும் நெஞ்சங்களும்

ஒரு பாடலை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதை எவ்வாறு அளப்பது? முன்பெல்லாம் இக்கேள்விக்கு விடை கூறுவது எளிதாயிருந்தது. எத்தனை இசைத்தட்டுகள் விற்றன என்று பார்த்தால் போதும். தட்டை வாங்கியவர் வீட்டிற்குக் கொண்டுசென்று கேட்பதற்காகவே வாங்கினார். ஆகவே விற்பனையும் விருப்பமும் ஏறக்குறைய ஒரே வழியில் நடந்தன. இன்று அவ்விரண்டும் வெகுவாகப் பிரிந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது தென்கொரியாவின் ‘கே-பாப்’ இசையுலகம். நம் இல்லங்களிலும் இளைஞர் பலர் அவ்விசையில் மனம் தோய்ந்திருப்பதால், அங்கிருந்து வரும் எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நமக்கும் தகும்.

எண்கள் வியப்பூட்டுபவைதாம். தென்கொரியாவின் மக்கள்தொகை ஐந்து கோடியைச் சற்றே தாண்டியது. 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பட்டியலில் பதிவான ஆல்ப விற்பனையோ பத்துக் கோடியைக் கடந்தது. ‘செவன்டீன்’ என்னும் இளைஞர் குழுவின் ‘எஃப்.எம்.எல்.’ என்ற ஒரே தொகுப்பு மட்டும் அவ்வாண்டில் அறுபது இலட்சத்திற்கும் மேல் விற்று, உலகிலேயே மிகுதியாக விற்ற ஆல்பம் என்னும் பெயரைப் பெற்றது. குறுந்தகட்டைச் சுழற்றிப் பாட்டுக் கேட்கும் பழக்கமே உலகெங்கும் மறைந்து வரும் காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை மறந்துவிடலாகாது. வெளிநாடுகளுக்குச் சென்றவையும் இக்கணக்கில் அடங்கும் என்றாலும், ‘இத்தனையையும் யார் கேட்கிறார்கள்?’ என்ற ஐயம் எழுவது இயல்பே.

முதலில், எண்ணுகிறவர் எதை எண்ணுகிறார் என்று பார்ப்போம். அங்கே இரு பட்டியல்கள் பெயர் பெற்றவை. 2010-இல் ‘காவோன்’ என்ற பெயரில் தோன்றி, 2022-இல் ‘சர்க்கிள்’ எனப் பெயர் மாறிய பட்டியல், கடைகளுக்கு அனுப்பப்பட்ட படிகளை எண்ணித் திரும்பி வந்தவற்றைக் கழிக்கிறது. 1993-இல் தொடங்கிய ‘ஹான்டியோ’ என்னும் மற்றொன்று, தன்னோடு இணைந்த கடைகளில் நடக்கும் விற்பனையை உடனுக்குடன் எண்ணுகிறது. வெளியான முதல் வாரத்தின் விற்பனையே ஒரு குழுவின் மதிப்பை முடிவு செய்வதாகக் கருதப்படுகிறது. இங்கேதான் சோதனை நுழைகிறது. இடைநிலை வணிகர் முதல் வாரத்திலேயே பெருந்தொகையாக வாங்கிக்கொள்வர். தேங்கிய படிகளை, கலைஞர்கள் நேரில் வந்து கையெழுத்திடும் நிகழ்ச்சிகளை நடத்திப் பின்னர் மெல்ல மெல்ல விற்பர். கொரியர் இதனைத் ‘தள்ளிவிடுதல்’ என்கின்றனர். 2024-இல், ‘ஹைப்’ நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்றின் தலைவராயிருந்த மின் ஹீ-ஜின், இம்முறை கையாளப்படுவதாகப் பொதுவில் குற்றம் சாட்டினார். தாய் நிறுவனம் அதை மறுத்தது.

ஆனால் இவ்வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவைத்து, விற்ற ஒவ்வொரு படியையும் ஓர் இரசிகரே பணம் கொடுத்து வாங்கினார் என்று கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஏனெனில் ஓர் இரசிகர் ஒரு படியோடு நிறுத்துவதில்லை. ஒவ்வோர் உறையினுள்ளும் குழுவினருள் யாரேனும் ஒருவரின் சிறு புகைப்பட அட்டை இருக்கும். யாருடையது என்பது பிரித்த பின்னரே தெரியும். விரும்பிய முகம் கிட்டும்வரை வாங்க வேண்டும். கையெழுத்து நிகழ்ச்சிக்கோ குலுக்கல் நடைபெறும். வாங்கும் படி ஒவ்வொன்றும் ஒரு சீட்டு. கொரிய நுகர்வோர் முகமை 2023-இல் ஐந்நூறு இரசிகரிடம் வினவி வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்குகிறது. இத்தகைய அட்டைகள் போன்ற பொருள்களைச் சேர்ப்பதற்காக ஆல்பம் வாங்கியதாகக் கூறினோர் 52.7 விழுக்காட்டினர். குறுந்தகட்டில் பாட்டுக் கேட்போர் 5.7 விழுக்காட்டினரே. ஒரே ஆல்பத்தைத் தொண்ணூறு படிகள் வாங்கியவரும் அவர்களுள் இருந்தார்.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவி ஒருத்தி, பல மாதம் சேர்த்த பணத்தில் இத்தகைய ஆல்பம் ஒன்றைக் கொரியாவிலிருந்து வரவழைத்தாள். அழகிய பெட்டி, படப் புத்தகம், அட்டைகள், அவற்றோடு ஒரு தட்டு. அத்தட்டைச் சுழற்றும் கருவி அவள் வீட்டில் இல்லை. பின் எதற்கு வாங்கினாய் என்று வினவினேன். “கேக்குறதுக்கு இல்லீங்க, கணக்குல சேர்றதுக்கு” என்றாள். அவ்விடையில் நாணமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. தான் விரும்பும் கலைஞர் தோற்றுவிடக் கூடாதே என்னும் கவலைதான் இருந்தது. அன்று முதல் அவ்விடை என்னை விட்டு அகலவில்லை.

இப்போக்கின் விளைவைத் தெருவிலும் காணலாம். 2024 ஏப்ரல் இறுதியில், சப்பானின் தோக்கியோ நகரத்துச் சிபுயா பகுதியில் அதே செவன்டீன் குழுவின் புதிய ஆல்பங்கள் பெட்டி பெட்டியாகத் தெருவோரம் கிடந்தன. வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் உடனிருந்தது. விற்பனைக் கணக்கில் அவை அனைத்தும் ‘விருப்பம்’ என்றே பதிவாகியிருக்கும். கொரியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கணக்குப்படி, இசை நிறுவனங்கள் ஆல்பங்களுக்காகப் பயன்படுத்திய நெகிழி 2017-இல் 55.8 டன்; 2022-இல் 801.5 டன். இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தோரும் இரசிகர்களே. 2021-இல் இளம் இரசிகர்கள் தொடங்கிய ‘கேபாப் ஃபார் பிளானட்’ என்னும் இயக்கம், இவ்வீணடிப்பை நிறுத்துமாறு நிறுவனங்களை வற்புறுத்தி வருகிறது. இரசிகரை அறிவற்றோர் என்று எள்ளுவோர் இதனை அறிதல் நன்று.

கொரியர் மட்டுமே இவ்வழியைக் கண்டுபிடித்தவர் என்பதும் நேர்மையாகாது. அமெரிக்காவில் 1978-இல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ திரைப்படத்தின் பாடல் தொகுப்பு, கடைகளுக்கு அனுப்பப்பட்ட எண்ணிக்கையைக் கொண்டே பிளாட்டினச் சான்று பெற்றது. பின்னர்ப் பெருவாரியான படிகள் விற்காமல் திரும்பின. சப்பானில் ‘ஏ.கே.பி.48’ குழு, 2009 முதல் தன் பாடல் தட்டுகளோடு வாக்குச் சீட்டுகளை இணைத்து விற்றது. இசை நிகழ்ச்சிச் சீட்டோடும் சட்டையோடும் சேர்த்து விற்ற ஆல்பங்களைத் தம் பட்டியலில் எண்ணுவதில்லை என்று அமெரிக்காவின் ‘பில்போர்ட்’ இதழ் முடிவு செய்ததும் 2020-இல்தான்.

அப்படியாயின் இப்புகழ் முழுவதும் பொய்யா? அல்ல. 2019 சூன் மாதத்தில் பி.டி.எஸ். குழு இலண்டனின் வெம்பிளி விளையாட்டரங்கில் இரண்டு இரவுகள் பாடியது. அங்கே ஒருவர் ஓர் இருக்கையில்தான் அமர முடியும். ஒரே ஆள் தொண்ணூறு இருக்கைகளில் அமர இயலாது. அந்தப் பெருங்கூட்டம் உண்மையானது. ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. 2024 பிப்ரவரியில் பிபி என்னும் பாடகி, கொரியாவின் பழைய இனிப்பு ஒன்றின் பெயரில் ‘பாம்யாங்கேங்’ என்ற சிறு பாடலை வெளியிட்டார். அது இணையவழிக் கேட்புப் பட்டியல்களில் முதலிடத்திற்கு ஏறியது. பெட்டியில் வைத்து இலட்சக்கணக்கில் விற்ற ஆல்பம் எதுவும் அதன் பின்னால் இல்லை. நாடே முணுமுணுத்த பாட்டு ஆல்பக் கணக்கில் தோன்றாமலே போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே எனக்குத் தோன்றுவது இதுதான். ஆல்ப விற்பனை எண் பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத ஒரு கேள்விக்கு அது விடை கூறுகிறது. அன்பு எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கிறது என்பதை அது காட்டுவதில்லை. சிலருடைய அன்பு எவ்வளவு ஆழமானது என்பதையும், அவ்வாழத்திலிருந்து எவ்வளவு பணம் இறைக்கலாம் என்பதையுமே காட்டுகிறது. அந்த ஊற்றும் வற்றாதது அன்று. 2024-இல் ஆண்டு விற்பனை பத்துக் கோடிக்குக் கீழே இறங்கியது.

இதில் இழப்பு யாருக்கு? நிறுவனம் அடுத்த ஆண்டு வேறு உத்தி காணும். உண்மையான இழப்பு, ‘நான் இன்னும் இரண்டு வாங்கியிருந்தால் அவர்கள் முதலிடம் பெற்றிருப்பார்களே’ என்று இரவில் வருந்தும் இளம் உள்ளத்திற்கே. அன்பு கொள்வது அதன் குற்றமன்று. அவ்வன்பை விலைச்சீட்டால் மெய்ப்பிக்குமாறு கேட்பதுதான் குற்றம். ஆதலால் இத்தகைய எண்ணை அடுத்த முறை நம் பிள்ளைகள் பெருமையோடு கூறும்போது, நகையாடாமல் அவர்களருகே அமர்வோம். எத்தனை விற்றது என்பதைக் கேட்டபின், எத்தனை பேர் வாங்கினர் என்றும் வினவுவோம். பிறகு, அப்பாட்டில் உனக்குப் பிடித்த வரி எது, எனக்கும் ஒருமுறை பாடிக் காட்டு என்று கேட்போம். எந்தப் பட்டியலிலும் ஏறாத அந்தப் பாட்டில்தான், அவர்கள் தேடிய புகழ் உண்மையாக இருக்கிறது.