கூழ் குடித்த உடம்பு

மனிதன் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழிகள் பல. அவற்றுள் மிக எளியது, "அது நமக்கு வராது" என்னும் நம்பிக்கை. அந்நம்பிக்கையில் சிறிது உண்மையும் கலந்திருந்தால் அதன் ஆபத்து பெருகிவிடுகிறது. ஆடவர்க்கு மட்டுமே வரும் ஒரு புற்றுநோயை முன்வைத்து இதனைச் சற்றே சிந்திக்க விரும்புகிறேன்.

ஆணின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து, பெருநெல்லிக்கனி அளவில் ஒரு சுரப்பி உண்டு. புரோஸ்டேட் என்பது அதன் பெயர். விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் பணி. முதுமையில் இச்சுரப்பி பருப்பது இயல்பு. அதனால் சிறுநீர் தடைப்படும். இரவில் பலமுறை எழ நேரும். அது புற்றன்று. ஆயினும் அதே சுரப்பியில் புற்றும் தோன்றுகிறது. அதிலும் இருவகை உண்டு. ஒன்று பல்லாண்டுகள் சோம்பிக் கிடக்கும். அதை உடையவர் முதுமையில் வேறு காரணத்தால் மறைவார். மற்றொன்று விரைந்து வளர்ந்து எலும்புக்குப் பரவும். நோயணுக்களின் தோற்றத்தைக் கொண்டு இதன் வேகத்தைத் தரம்பிரிக்கும் முறையை 1966இல் அமெரிக்க மருத்துவர் டொனால்டு கிளீசன் வகுத்தார். திருத்திய வடிவில் அது இன்றும் வழக்கில் உள்ளது.

எங்கள் ரிஷிவந்தியத்தில் என் பெரியப்பா ஒருவர் இருந்தார். நெல்லும் கரும்பும் பயிரிட்டவர். அறுபத்தெட்டு வயதிலும் விடியுமுன் மடை திருப்பப் போனவர். இடுப்பில் வலி கண்டபோது தைலம் தேய்த்துக்கொண்டார். இரவில் ஏழெட்டு முறை அவர் எழுந்து போவதைப் பெரியம்மா மட்டுமே அறிந்திருந்தார். மருத்துவரிடம் போகலாம் என்றால், "கூழு குடிச்ச ஒடம்பு தம்பி இது. பட்டணத்து நோயெல்லாம் நம்மள அண்டாது" என்பார். அவ்விடத்தைப் பற்றி அயலாரிடம் பேசும் கூச்சமே உண்மையான தடை என்பது எங்களுக்குப் புரிந்தேயிருந்தது.

கால்கள் மரத்து நடை தளர்ந்த பின்னரே மருத்துவமனைக்கு வர இசைந்தார். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையும் எலும்புப் படமும் எடுத்தார்கள். நோய் முதுகெலும்பில் பல இடங்களில் பரவியிருந்தது. மருத்துவர் விளக்கி முடித்ததும் பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "எனக்கு எப்படிங்க இது வந்துச்சு?"

அக்கேள்விக்கு விடை தேடியே நான் இந்நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அவர் நம்பியதில் பாதி உண்மை இருந்தது. இங்கிலாந்து நாட்டு ஆடவர்களைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பு வெள்ளையருள் எட்டுப் பேரில் ஒருவருக்கு. கறுப்பின மக்களுள் நான்கு பேரில் ஒருவருக்கு. நம்மைப் போன்ற ஆசியர்களுள் பதின்மூன்று பேரில் ஒருவருக்கே. ஆனால் அவ்வாய்வின் மறுபாதியை நாம் படிக்க வேண்டும். நோய் கண்டறியப்பட்டபின், அதனாலேயே இறக்கும் வாய்ப்பு மூவினத்தார்க்கும் ஏறத்தாழ ஒன்றே, மூவரில் ஒருவர். நோய் வாசலுக்கு வருவதில் இனம் வேறுபாடு காட்டுகிறது. வீட்டிற்குள் நுழைந்துவிட்டால் அது எவருக்கும் சலுகை தருவதில்லை.

அமெரிக்காவில் கறுப்பின ஆடவர் இந்நோயால் இறப்பது வெள்ளையரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. மரபணுக் காரணங்களும் அங்கே உண்டு. எனினும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு வேறொன்றையும் காட்டியது. நோயின் நிலையும் கிடைக்கும் மருத்துவமும் சமமாயிருந்தால், அதே நோயால் கறுப்பினத்தார் கூடுதலாக இறப்பதில்லை. இரத்தத்தின் மேல் நாம் சுமத்தும் பழியில் பெரும்பங்கு, வறுமைக்கும் காலந்தாழ்ந்த சிகிச்சைக்கும் உரியது.

வாழ்க்கை முறைக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரிடையே இந்நோய், தாய்நாட்டில் வாழ்வோரைவிட மிகுதியாயிற்று. இரத்தம் மாறவில்லை, வாழ்க்கை மாறியது. சென்னையில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்பட்டு வருகிறது. அதிலும் இந்நோயின் விகிதம் உயர்ந்தே வந்துள்ளது. நம் ஊரிலும் கம்பங்கூழ்ப் பானை இருந்த இடத்தை இன்று பரோட்டாக் கல் பிடித்துக்கொண்டது. உடற்பருமன் மிக்கவர்களுக்கு விரைந்து பரவும் வகை வரும் வாய்ப்புக் கூடுதல். புகைப்போர் இந்நோயால் இறக்கும் வாய்ப்பும் கூடுதல். பெரியப்பாவின் உணவில் குறையில்லை. ஆனால் அவர் மடியில் பீடிக்கட்டு எந்நாளும் இருந்தது.

ஆயினும் உணவைத் தாயத்தாக்கிக்கொள்ளலாகாது. வைட்டமின் இ, செலினியம் ஆகியவை இந்நோயைத் தடுக்குமா என்று அறிய 35,000 ஆடவர்களைக் கொண்டு 2001இல் ஒரு சோதனை தொடங்கினர். பயனில்லை எனக் கண்டு 2008இல் மாத்திரைகளை நிறுத்தினர். வைட்டமின் இ உண்டவர்களிடையே நோய் 17 விழுக்காடு கூடியிருந்ததாக 2011இல் தெரியவந்தது. நல்லுணவு நன்றே, அது மருத்துவருக்கு மாற்றாகாது.

பெரியப்பாவுக்கு விரைகளை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆண் இயக்குநீரைத் தடுத்தால் இப்புற்று ஒடுங்கும் என்பதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் நிறுவினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். வலி தணிந்தது. பெரியப்பா ஒன்றரை ஆண்டுகள் வாழ்ந்தார். என்ன அறுவை என்பதைத் தம் மக்களிடம்கூட அவர் இறுதிவரை சொல்லவில்லை. முன்னரே வந்திருந்தால், நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்த காலத்திலேயே அதை முற்றிலும் நீக்க வாய்ப்பிருந்திருக்கும்.

தொடக்கத்தில் இந்நோய் எவ்வித அறிகுறியும் காட்டாமல் இருப்பதே வழக்கம். ஆகவே ஐம்பது வயதைக் கடந்தோர் பரிசோதனை தேவையா என மருத்துவரைக் கலந்து கேட்பது நல்லது. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்தால், நாற்பத்தைந்திலேயே கேட்க வேண்டும். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு உயர்ந்தாலே புற்று என்பதில்லை. புற்றே ஆயினும் எல்லாவற்றுக்கும் உடனே கத்தி தேவையில்லை. சோம்பிய வகையாயின் கண்காணித்து வந்தாலே போதும்.

நம் வீடுகளில் தந்தையரிடம் பயிர் பற்றியும் கடன் பற்றியும் பேசுகிறோம். "அப்பா, இராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? இடுப்பு வலி எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்பதில்லை. மருமகள் கேட்க இயலாது. மனைவி அறிந்தும் வெளியே சொல்ல மாட்டாள். இதைக் கேட்க வேண்டியவன் மகனே. வயலுக்குப் போகும் வழியில், அருகில் எவருமில்லாத ஒரு காலை வேளையில் கேட்டுப் பாருங்கள்.