அப்பத்தா பார்த்த பாதி ஏர்போர்ட்

எங்க அப்பத்தாவுக்கு ஏர்போர்ட்னாலே ஆகாது. "பிள்ளையப் பறிச்சுக்கிட்டுப் போற இடம்"னு திட்டும். அப்பாவுக்கு சிங்கப்பூரில் கட்டட வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான் வருவார். போன முறை லீவு முடிஞ்சு கிளம்பறப்ப டிக்கெட் கிடைச்சது திருச்சியில். காளவாசல்ல வேன் பிடிச்சு மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை தாண்டிப் போய் இறங்கினா... அட, இதுவா ஏர்போர்ட்!

2024 ஜனவரி 2-ம் தேதி திறந்த புது டெர்மினல். செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஸ்ரீரங்கம் கோயில் வண்ணங்களையும் நம்ம வாசல் கோலத்தையும் மனசுல வெச்சு டிசைன் பண்ணியிருக்காங்க. வழக்கமான கண்ணாடிப் பெட்டி இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்பத்தா கையெடுத்துக் கும்பிட்டுடுச்சு! "உள்ள எந்தச் சாமிடா இருக்கு?"

ஆனா, உள்சுவர் ஓவியங்களைப் பார்க்க வாசலைத் தாண்டணும். நம்ம நாட்டு ஏர்போர்ட்டில் அதுக்கு டிக்கெட் வேணும். வழியனுப்பப் போன நீங்களும் இப்படி நின்னிருப்பீங்க. கதவு திறக்கிறப்பல்லாம் ஒரு துண்டு கலர் தெரியும். உடனே மூடிக்கும். அப்பத்தா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துச்சு.

உள்ளே போன அப்பாவுக்கு போன் போட்டேன்.

"ஓவியமெல்லாம் எப்படிப்பா இருக்கு?"

"எங்கடா பார்த்தேன்... பெட்டி எடை, பாஸ்போர்ட், இமிகிரேஷன் க்யூ. கண்ணு வேற கலங்கிருச்சு."

பார்க்க ஆசைப்பட்ட ஆள் வெளியே. உள்ளே போன ஆளுக்குப் பார்க்கிற மனசில்லை.

இதே அப்பா சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட் பத்தி மணிக்கணக்கா பேசுவார். அங்கே டெர்மினல் 1 புறப்பாடு ஹாலில் 1,216 உலோகத் துளிகள் கூரையிலிருந்து கம்பியில் தொங்கும். மழை மாதிரி ஏறும், இறங்கும். 2012-ல் வெச்சது. செக்-இன் பகுதி வரைக்கும் யார் வேணாலும் போகலாம். ஒரு ஞாயித்துக்கிழமை கூட வேலை பார்க்கிறவங்களோட போய், அதைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தாராம். டிக்கெட்டே இல்லாம!

பாதுகாப்பு முக்கியம்தான், புரியுது. ஆனா கோபுரத்துக்கிட்ட கலரைக் கடன் வாங்கினவங்க, இன்னொண்ணையும் வாங்கியிருக்கலாம். நம்ம மீனாட்சி கோபுரத்து பொம்மைங்க தெருவைப் பார்த்துதானே நிக்குது? செருப்பைக்கூடக் கழற்றாம சித்திரை வீதியில் நின்னே பார்க்கலாமே!

வேன் கிளம்பினதும் அப்பத்தா திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு.

"அடுத்த தடவை வர்றப்பவாச்சும், உள்ள என்னென்ன வரைஞ்சிருக்குன்னு நின்னு பாத்துட்டு வரச் சொல்லுடா."