திறவுகோல்

வீடு கட்டுவோர் தலைவாசல் கதவின் மரத்தைப் பற்றிப் பத்து நாள் ஆலோசிக்கின்றனர். அதில் பொருத்தும் பூட்டைப் பற்றிப் பத்து நிமிடமும் எண்ணுவதில்லை. நானும் அவ்வாறு செய்தவனே.

அருப்புக்கோட்டையில் எங்கள் பழைய வீட்டின் நூல் அறைக்கு அத்தா அவர்கள் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டொன்றை மாட்டியிருந்தார்கள். கைக்கு நல்ல பாரம். அதனுள் லீவர் எனப்படும் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு குறைந்தாலும் மிகுந்தாலும் தாழ் நகராது. அரம் பிடித்துக் கையாலேயே செய்யும் இப்பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் பூட்டுகளின் போட்டியில் தொழில் நலிந்த பின்னர் வந்த மரியாதை, சற்றுத் தாமதந்தான்.

புது வீட்டிற்கு இவை நாகரிகமல்ல என்றெண்ணி, உள்கதவுகளுக்கெல்லாம் உருண்டைக் குமிழ்ப் பூட்டுகளை வாங்கினேன். உள்ளிருந்து நடுப்பொத்தானை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். குமிழைத் திருகினால் திறக்கும். பார்வைக்கு அழகு.

ஒரு நாள் மஃரிபு நேரம். ஒளுச் செய்யக் குளியலறைக்குச் சென்ற என் தாயார் திரும்பவில்லை. மூட்டுவாதம் கண்ட விரல்கள். அவற்றில் ஈரம் வேறு. "குமிழ் வழுக்குது அத்தா" என்ற குரல் மட்டும் கேட்டது. வெளியிலிருந்து திறக்கும் சாவியோ, பெயர் எழுதாத கொத்தொன்றில் பரண்மேல் எங்கோ கிடந்தது. தச்சர் வந்து குமிழைக் கழற்றியபோது இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மஃரிபு தவறிப்போயிற்று. அம்மா என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. கடிந்திருந்தால் தேவலை.

அரபு இலக்கணத்தில் கருவிப் பெயருக்கு மாணவர்களிடம் நான் முப்பதாண்டுகளாகக் கூறிவரும் எடுத்துக்காட்டு 'மிஃப்தாஹ்'. திறக்கும் கருவி என்பது பொருள். தமிழிலும் திறவுகோல்தான், 'சாவி' போர்த்துக்கீசியர் தந்தது. பூட்டுவதைக் கொண்டு இரு மொழியும் அதற்குப் பெயரிடவில்லை. பாடம் நடத்திய எனக்கு, கடையில் நின்றபோது இது நினைவில் வரவில்லை.

இப்போது குளியலறைக்கு நீண்ட கைப்பிடி. முழங்கையால் அமுக்கினாலும் திறக்கும். அதன் பூட்டை வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பிவிடலாம். தலைவாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு. அதன் சாவி கண்ணில் படும்படி ஆணியில் தொங்குகிறது. அம்மா மட்டும் குளியலறைக் கதவை இன்னும் ஒருக்களித்தே வைக்கிறார்கள்.