பதினெட்டு டாலர் வரி வாபஸ்

திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதுரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் காந்திகிராமம். மலைக்கோட்டைப் பாறை பின்னால் மறைவதற்குள் சிறுமலை இடப்பக்கம் வந்து கூடவே நடக்க ஆரம்பித்துவிடுகிறது. நான்கு வழிச் சாலையில் பஸ் பறக்கிற வேகத்தில், "காந்திகிராமம் இறங்கு!" என்று கண்டக்டர் கூவும்போது கொஞ்சம் அசந்திருந்தால் கொடைரோட்டில்தான் கண் விழிக்க வேண்டும். நான் அசந்திருக்கவில்லை. பக்கத்து ஸீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

காந்திகிராமத்துக்கு நான் போனது ஒரு கதர்ச் சட்டைத் துணிக்காக. திரும்பி வந்தது ஒரு வரிக் கதையோடு. கதர் வாங்கப் போன இடத்தில் சிங்கப்பூர் விமான நிலையம் எப்படி வந்தது என்று நேயர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1946-ல் காந்தியடிகள் தமிழ்நாட்டில் பிரயாணம் செய்தபோது அருகிலுள்ள அம்பாத்துரை ரயில் நிலையத்தில் அவரைத் தரிசிக்க ஜனங்கள் திரண்டு நின்றார்கள். அடுத்த வருஷம், 1947-ல், அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே டாக்டர் சௌந்தரமும் அவருடைய கணவர் டாக்டர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள். டி. வி. எஸ். குடும்பத்தில் பிறந்த பெண்மணி, டாக்டருக்குப் படித்துவிட்டு, சின்னாளப்பட்டி நெசவாளர் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க வந்தார் என்றால் அந்தக் காலத்து ஜனங்கள் மூக்கின்மேல் விரலை வைத்திருக்க மாட்டார்களா? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கதர், கைத்தொழில் என்று ஒவ்வொன்றாக வளர்ந்தது. 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் பிறந்தது; 1976-ல் அது பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றது. இன்றைக்கும் வாசலைத் தாண்டி உள்ளே போனால், நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் நாலு மரங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

கதர்க் கடையில் எனக்கு முன்பாகவே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து மகிழ்ந்து, எட்டு மீட்டர் வாங்கினாள். பணம் கொடுத்த பிறகு கணவர் மிக மரியாதையாக ஒரு விண்ணப்பம் போட்டார். விமான நிலையத்தில் வரியை வாபஸ் வாங்குவதற்கு ஒரு காகிதம் வேண்டுமாம்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். பிறகு கடைக்காரரே சமாளித்தார்: "ஐயா, கதர்த் துணிக்கு வரியே கிடையாது. போடாத வரியை நான் எப்படித் திருப்பித் தருவேன்?"

உண்மைதான். கதர் கமிஷனின் அங்கீகாரம் பெற்ற கடைகளில் விற்கும் கதர்த் துணிக்கு ஜி. எஸ். டி. விலக்கு உண்டு. அதையே சட்டையாகத் தைத்து விற்றால் வரி உண்டு. காந்தித் தொப்பிக்கு வரி இல்லை. வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே கைகூப்பிவிட்டுப் போனார்.

அப்போதுதான் மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் வாயைத் திறந்தார். அறுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு துணிப்பை.

"எனக்கு அப்படி வரி திரும்ப வந்துச்சு தம்பி. சிங்கப்பூர்ல. பதினெட்டு டாலர்."

"பதினெட்டு டாலரா, அம்மா?"

"அதுலயும் கமிஷன் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தாங்க" என்றார்.

நான் துணியை மறந்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அம்மாளுக்குச் சின்னாளப்பட்டி. முப்பது வருஷத்துக்குமேல் கதர் நூற்றவர். பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். மகள் உள்ளூரில், மகளின் பெண் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "என்னைக்கு நீ வந்து ஊரைப் பார்க்கப் போறே?" என்று பிள்ளை நச்சரித்து, டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். அம்மாள் திருச்சியில் விமானம் ஏறினார்.

கதையைத் தொடருவதற்குமுன், இந்த வாபஸ் விவகாரத்தின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். விற்பனை வரி நமக்குப் புதிதல்ல. இந்தியாவிலேயே பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்த மாகாணம் நம்முடையதுதான். மதுவிலக்கினால் சர்க்கார் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க, 1939-ல் ராஜாஜி அந்த வரியைப் போட்டார். அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய ஜி. எஸ். டி. இந்த வரி, பொருளை அந்த நாட்டிலேயே அனுபவிப்பவர் கொடுக்க வேண்டியது. வாங்கியதைப் பிரிக்காமல் கொள்ளாமல் தம் ஊருக்கு எடுத்துப் போகிற யாத்ரிகர், ஒரு சின்ன ஏற்றுமதி வியாபாரி மாதிரி. ஓட்டலில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டவனிடம் இலைக்காசு கேட்கலாம். பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவனிடம் கேட்கலாமா? அதனால்தான் பல நாடுகள் விமான நிலையத்தில் ஜன்னல் திறந்து வைத்து, வரியைத் திருப்பிக் கொடுக்கின்றன. துபாயில் 2018 முதல் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். லண்டனில் கம்பளிச் சட்டை வாங்கிக் கையோடு கொண்டுவருகிறவர்களுக்கு இப்போது வாபஸ் இல்லை.

நம் நாட்டில்? 2017-ல் ஒருங்கிணைந்த ஜி. எஸ். டி. சட்டம் எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. 15-வது பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. ஆறு மாதத்துக்கு மேற்படாமல் தங்க வரும் வெளிநாட்டு யாத்ரிகர், எடுத்துச் செல்லும் பொருளுக்குக் கொடுத்த வரியைத் திரும்பப் பெறலாம் என்கிறது. ஆனால் அந்த வருஷம் ஜூலை 1-ந் தேதி ஜி. எஸ். டி. நடைமுறைக்கு வந்தபோது, எந்தெந்தப் பிரிவுகள் அமலுக்கு வருகின்றன என்ற அறிவிப்புகளில் 14 இருந்தது, 16 இருந்தது; 15-ஐ மட்டும் காணோம். பிரிவைச் செய்து, அதற்கு ஒரு திண்டுக்கல் பூட்டையும் போட்டு, சாவியை எங்கோ வைத்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் அப்படி இல்லை. அங்கே ஜி. எஸ். டி. 1994-ல் நூற்றுக்கு 3 என்று ஆரம்பித்து, 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 9 ஆகியிருக்கிறது. இந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 டாலருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று பில்கள் வரை சேர்த்துக் கணக்கிடலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் விமான நிலையத்தில் கேட்க வேண்டும். தின்று தீர்த்ததற்கும் தங்கிய ஓட்டலுக்கும் கிடையாது. அந்த நாட்டுப் பிரஜைக்கும் நிரந்தரவாசிக்கும் கிடையாது. வேலை அனுமதியில் அங்கே உழைக்கிறவர்களுக்கும் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அம்மாளின் கதை இருக்கிறது.

ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருக்கும்போது பிள்ளை அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போனான். அக்கா மகள் படிக்க ஒரு லாப்டாப் வேண்டும். தாய்மாமன் அல்லவா? விலை 1,635 டாலர். 1,500 பொருளுக்கு, 135 வரிக்கு. பிள்ளை தன் கார்டைக் கொடுத்தான். அம்மாளும் சும்மா இருக்கவில்லை. நூற்ற கூலியில் மிச்சம் பிடித்து, ஊரிலிருந்தே மாற்றிக் கொண்டுபோன டாலரில், பேரனுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். 218 டாலர். அதில் 18 வரி.

"கடைப் பையன் சொன்னான் தம்பி: 'அம்மா பாஸ்போர்ட்டைக் கொடுங்க, ரெண்டையும் அதுலயே ஏத்திடலாம். உங்க பையன் பேர்ல வாபஸ் வராது, உங்க பேர்ல வரும்'னு. எம் மவனும், 'கொடும்மா, நம்ம காசுல எட்டாயிரத்துக்கு மேல வரும்'ங்கிறான்."

"கொடுத்தீர்களா?"

"என் கடிகாரத்துக்குக் கொடுத்தேன். அவன் வாங்கினதுக்குக் கொடுக்கல. 'நீ வாங்கினதை நான் வாங்கினேன்னு எப்படிய்யா சொல்றது?'ன்னு கேட்டேன். மொகத்தைத் தூக்கிக்கிட்டான்."

எட்டாயிரம் ரூபாய் அந்தக் குடும்பத்துக்கு லேசான தொகையா? பேத்தியின் விடுதிச் செலவுக்கு ஆகும். பட்டறை வெயிலில் பிள்ளை எத்தனை மணி நேரம் நின்று சம்பாதிப்பது! அம்மாளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் இல்லை. அடுத்த நாலு நாளும் பிள்ளை, "சாப்பிட்டியா? தூங்கு" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லையாம். "எனக்குப் பச்சைத் தண்ணி இறங்கலை தம்பி. பேசாம அவன் சொன்னபடியே செஞ்சிருக்கலாமோன்னு ராத்திரியெல்லாம் புரண்டேன்" என்றார்.

சாங்கி விமான நிலையத்தில் பிள்ளை விடைபெற்றுக்கொண்டு வெளியே நின்றுவிட்டான். அம்மாள் தனியாக உள்ளே போனார். பெட்டியில் போட்டு அனுப்புகிற சாமானாக இருந்தால், பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே வாபஸுக்கு எழுதிக்கொள்ள வேண்டும். கையில் எடுத்துப் போவதற்கு, பாஸ்போர்ட் சோதனை முடிந்தபின் உள்ளே இருக்கும் இயந்திரத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் தெரிந்த ஒரு பெண் உதவி செய்ய, அம்மாள் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தார். 'சோதனை ஜன்னலுக்குப் போகவும்' என்று சீட்டு வந்தது. எல்லோருக்கும் அப்படி வருவதில்லை, சிலருக்கு வரும். அம்மாளுக்கு வந்தது.

"ஜன்னல்ல இருந்த ஆபீஸர் நம்ம ஆளு. தமிழ்லயே கேட்டார். 'பொருளைக் காட்டுங்க'ன்னார். காட்டினேன். 'இது யார் வாங்கினது?'ன்னார். நான் வாங்கினதுன்னேன். 'யாரு காசு?'ன்னார். 'என் காசு ஐயா, நான் நூத்த காசு'ன்னேன். அவருக்கு அது புரியலை. அப்புறம் ராட்டையைச் சுத்துற மாதிரி கையை வச்சுக் காட்டினேன். சிரிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டார்."

இதைச் சொல்லும்போது அம்மாளின் வலது கை தானாகவே காற்றில் ஒரு ராட்டையைச் சுற்றியது.

பிறர் வாங்கியதற்குத் தாம் வாங்கியதாகச் சொல்லி வாபஸ் கேட்பது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். கடைப் பையன் அதைச் சொல்லவில்லை. அம்மாளுக்கும் அப்போது தெரியாது. லாப்டாப்பும் அந்தச் சீட்டில் இருந்திருந்தால் அதே இரண்டு கேள்விகள் வந்திருக்கும். அம்மாள் என்ன பதில் சொல்லியிருப்பார்? சங்கடம் அம்மாளோடு நின்றிருக்குமா? வேலை அனுமதியில் இருக்கும் பிள்ளையையும் கூப்பிட்டுக் கேட்டிருந்தால்?

திருச்சியில் இறங்கியதும் பிள்ளையின் டெலிபோன் வந்தது.

"கடியாரத்துக்குக் காசு கொடுத்தாங்களாம்மா?"

"கொடுத்தாங்கய்யா."

"ஏதாச்சும் கேட்டாங்களா?"

"யாரு காசுன்னு கேட்டாங்க."

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லையாம். லைன் போய்விட்டதோ என்று அம்மாள் நினைத்தாராம். பிறகு, "சரிம்மா. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பேசு" என்று மட்டும் சொன்னானாம். அன்றைக்கு ராத்திரி பழையபடி ஒரு மணி நேரம் பேசினானாம்.

"பதினெட்டு டாலரை என்ன செய்தீர்கள் அம்மா?" என்று கேட்டேன்.

"பிடிச்சது போக மீதியை மாத்தி, எம் மவனுக்குத்தான் இந்தக் கடையில சட்டைத் துணி எடுத்தேன். அடுத்த மாசம் ஊருக்கு வரான். இதுக்கு வரி கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க!" என்று துணிப்பையைத் தட்டிக் காட்டினார்.

அதே தானிலிருந்து நானும் இரண்டரை மீட்டர் கிழித்துக்கொண்டேன். வெளியே வந்தபோது சிறுமலையின்மேல் மாலை வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. அம்மாள் சின்னாளப்பட்டிப் பக்கம் நடந்தார். சாலை ஓரத்தில், புத்தகங்களையும் ஒரு லாப்டாப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருந்தாள். பாட்டியைக் கண்டதும் முதல் காரியமாகத் துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

திண்டுக்கல் பஸ் வந்தது. இந்தத் தடவை ஜன்னலோரம் இடம் கிடைத்தது.