நெடிலும் குறிலும்

கணினியை இயக்கித் திரையில் ஒன்றும் தெரியாவிட்டால் நாம் உடனே சொல்வது, 'கணினி செத்துவிட்டது'. இந்த வாக்கியத்தில் எழுவாயிலேயே பிழை இருக்கிறது. இருண்டிருப்பது திரை, இறந்ததாக அறிவிக்கப்படுவதோ கம்பியால் அதனோடு பிணைந்த வேறொரு பெட்டி. இரண்டுக்கும் தனித்தனி மின்னிணைப்பு, தனித்தனி ஆயுள்.

ஓய்வுபெற்ற என் ஆசிரியரும் சென்ற ஐப்பசியில் தொலைபேசியில் அதையே சொன்னார். "செத்துப் போச்சுப்பா." குரலில் இருந்த நடுக்கம் இயந்திரத்துக்கானதன்று. தாமிரவருணிக் கரை உழவர்களின் சொற்களை, தொழி முதல் பொலி வரை, ஊர் ஊராகக் கேட்டுத் தட்டச்சு செய்து அப்பெட்டிக்குள் வைத்திருந்தார். சொல் தந்தவர்களுள் பலர் இன்றில்லை. பழுதுபார்க்கும் கடைக்காரரோ, போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள், பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழித்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.

"பெட்டியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் ஐயா" என்றேன். தாய்ப்பலகை எரிந்தே போயிருந்தாலும் சொற்கள் அதில் இல்லை; வன்தட்டில் இருக்கின்றன. அதைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் படிக்கலாம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அப்போ சொல்லெல்லாம் இருக்கும்லா?" என்று கேட்டார்.

மறுநாள் போனேன். நான் பொறியாளன் அல்லன். பாடபேதம் பார்க்கப் பழகியவன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே நிறுத்தி, விளைவைக் குறித்துக்கொள்வது என்ற அளவில் அந்தப் பழக்கம் இங்கேயும் செல்லும்.

முதலில் திரை. பெட்டியிலிருந்து வரும் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திரையை மட்டும் இயக்கினேன். சமிக்ஞை இல்லை என்ற அறிவிப்பு மிதந்தது. ஆகத் திரை நலம். அந்தக் கம்பியின் நீலத் தலையில் உள்ள பதினைந்து ஊசிகளில் ஒன்றும் வளையவில்லை. (தனிக் காட்சி அட்டை இருக்கும் கணினிகளில் கம்பியை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையின் துளையில் செருகிவிட்டு விழிப்பவர்கள் அநேகர். ஐயாவின் கணினியில் தனி அட்டை இல்லை.) விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்தினேன், விளக்கு எரியவில்லை. அது எரிந்து அணைந்திருந்தால், உள்ளே வேலை நடக்கிறது, காட்சி மட்டுமே வரவில்லை என்று கொள்ளலாம். இங்கே மின்விசிறி சுழன்றது. அதற்குமேல் எதுவும் நகரவில்லை.

ஆனால் பெட்டி பேசிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு ஒரு நீண்ட கூவல். கடையின் இரைச்சலில் அதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். திரையில்லாமலே தன் குறையைச் சொல்ல, தாய்ப்பலகையோடு ஒரு சிறு ஒலிப்பானை இணைத்திருப்பார்கள் (புதிய கணினிகள் பலவற்றில் இது இல்லை). இம்மொழி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். பழைய அவார்டு பயாஸ்களில் ஒரு நெடிலும் இரு குறிலும் வந்தால் காட்சிப் பகுதியில் கோளாறு. நெடிலே திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் நினைவகம், அதாவது ரேம். தமிழாசிரியர் இருவர் உட்கார்ந்து ஓர் இயந்திரத்துக்கு மாத்திரை எண்ணிய காட்சியை வாசகர்கள் கற்பனை செய்துகொள்க.

மின்கம்பியை உருவி, இயக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டேன். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடம்பில் இருக்கக்கூடிய நிலைமின்சாரத்தையும் போக்கிக்கொண்டேன். (மின்வழங்கியைத் திறக்கவே கூடாது, கம்பியை உருவிய பிறகும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.) ரேம் பட்டைகள் இரண்டு. அவற்றின் பொன்னிறப் பற்கள் மங்கியிருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு, ஒன்றை மட்டும், இரு முனையும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தினேன். மறுபடி நெடில். அதையே அடுத்த பள்ளத்தில் வைத்தேன், நெடில்தான். அதை எடுத்துவிட்டு மற்றதைச் செருகினேன்.

ஒற்றைக் குறில். திரை வெளுத்தது.

இறந்தது ஒரு விரல் நீளப் பட்டை. போர்டுக்கு ஒன்றுமில்லை.

வேகம் குறைந்துபோனதைப் பற்றி ஐயா கவலைப்படவில்லை. கோப்பைத் திறந்து தகர வரிசைக்குப் போய், 'தொழி' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இரண்டு வெளித்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்தார். அச்சிட்டும் வேண்டும் என்றார். முதல் தாள் வெளிவந்த சூட்டிலேயே சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒரு சந்திப்பிழையைச் சுழித்தார்.