எலிப் பாதை



வர்த்தக ஒப்பந்தம் என்றதும் கோட்டு போட்டவர்கள் கை குலுக்கும் படம்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கையெழுத்தால் ஒரு கூடைக்காரம்மாவுக்கு என்ன பயன்? கென்யா–உகாண்டா எல்லையிலுள்ள புசியா என்ற ஊரைப் பற்றிப் படித்தபோது இதற்கு ஓரளவு விடை கிடைத்தது. படித்ததை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாத்தியார் வேலை பார்த்த பழக்கம்!

புசியா எல்லைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக இருக்கும் ஊர். தக்காளி, மீன், தானியம் என்று சுமந்துபோய் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்ற கூட்டமைப்பு 2005-இல் சுங்க ஒன்றியத்தைத் தொடங்கியது. உறுப்பு நாடுகளில் விளைந்த பொருளுக்குத் தங்களுக்குள் இறக்குமதி வரி படிப்படியாக நீங்கியது. ஆனால் பொருள் அங்கேதான் விளைந்தது என்று சான்றிதழ் காட்ட வேண்டும். இரண்டு கூடை தக்காளிக்கு யார் போய்ச் சான்றிதழ் வாங்குவார்கள்?

அதனால் பல பெண்கள் சுங்கச் சாவடிப் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் போனார்கள். அந்த வழிகளுக்கு அங்கே 'பான்யா' என்று பெயர். சுவாஹிலி மொழியில் எலி என்று அர்த்தம். எலிப் பாதையில் லஞ்சம் கேட்பார்கள், சரக்கைப் பிடுங்குவார்கள், பெண்களிடம் தவறாக நடப்பார்கள். சட்டத்துக்குப் புறம்பாக வந்தவள் யாரிடம் போய்ப் புகார் சொல்வாள்? கட்டவே தேவையில்லாத ஒரு வரிக்குப் பயந்து இத்தனையும் பட்டார்கள் என்பதுதான் கொடுமை.

பிறகு ஒரு வழி செய்தார்கள். சரக்கின் மதிப்பு 2000 டாலருக்குள் இருந்தால் எளிய படிவம் போதும். எல்லையிலேயே சுங்க அதிகாரி முத்திரை போட்டுத் தருவார். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய துணிக்கு இது செல்லாது. பயிர் நோய்ச் சோதனை போன்றவையும் உண்டு. இருந்தாலும் நேர்வழியில் தலைநிமிர்ந்து போகலாம். ஆனால், இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாதவர்கள் இன்றும் எலிப் பாதையில்தான் போகிறார்கள்.

நம் ஊருக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் நாம் செய்த ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. வரிச் சலுகை பெற அங்கேயும் பொருளின் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். ஏற்றுமதி செய்பவருக்கு அதற்கென்று தனிக் குறியீட்டு எண்ணும் வேண்டும். சுய உதவிக் குழுவில் ஊறுகாய் போடும் பெண்ணிடம் இரண்டும் இல்லையென்றால், சரக்கை வாங்கி அனுப்பும் வியாபாரியின் பெயரில்தான் சலுகை போகும். அவளுக்குக் கிடைப்பது அவர் கொடுக்கும் விலைதான்.

வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருக் குழுவோடு உட்கார்ந்து அந்தப் படிவங்களைத் தமிழில் விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். இந்தப் பெண்களுக்குக் கணக்கு நன்றாகவே வரும். படிவத்தைக் கண்டுதான் தயங்குகிறார்கள்.